கழுத்தெலும்புக்குக் கீழே ஒரு வெள்ளை

அன்று நடந்தவை, வரிசையாக:

1. அம்மாவின் இருமல் மூன்று மாதத்தைத் தாண்டியதால், மாமா எங்கள் இருவரையும் அருமனையிலிருந்து வில்வண்டியில் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அப்பா அப்போது இலங்கையில், தேயிலைத் தோட்டத்தில் வேலையாக இருந்தார்.

2. டாக்டர் அம்மாவின் முதுகில் ஒரு விரலை வைத்து மற்றொரு விரலால் தட்டித் தட்டிக் கேட்டார். வலது தோள் பக்கத்தில் மட்டும் சத்தம் அடைத்திருந்தது. அது எனக்கே கேட்டது.

3. நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

4. நான் ஒரு பொய் சொன்னேன்.

முதல் மூன்றும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு எட்டு வயது. வெளியே காத்திருந்தபோது மாமா என்னைச் சீண்டினார். "ஏட்டி, அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. ஆனா உள்ள பூந்து எல்லாத்தையும் காட்டிப்போடும். இன்னிக்குக் காலத்த நீ களவாண்டு தின்ன கருப்பட்டிகூட தெரியும், பாத்துக்கோ." நான் வயிற்றைக் கையால் மறைத்துக்கொண்டேன். அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

உள்ளே நர்ஸ் அம்மாவுக்கு ஒரு வெள்ளைச் சட்டையையும் எனக்கு ஒரு கைக்குட்டையையும் கொடுத்தார். அம்மா கழற்றும் உலோகம் எல்லாவற்றையும் நான் முடிந்து வைத்துக்கொள்ள வேண்டும். கம்மல் இரண்டு, கொண்டை ஊசி மூன்று, வளையல் நான்கு. தாலிக்கு வந்ததும் அம்மாவின் கை நின்றுவிட்டது.

"அவிய கடலுக்கு அந்தால கெடக்காவ. நான் இதக் கழத்துனா வெளங்குமா மக்களே?"

புருஷன் செத்தால்தான் அது கழுத்தை விட்டு இறங்கும். அம்மா அதை மேலே இழுத்து, சட்டைக்குள் வலது தோளோரமாக ஒதுக்கினாள். நர்ஸ் கதவருகே வந்து, "எல்லாம் வந்தாச்சா பிள்ளே?" என்று கேட்டார்.

"வந்தாச்சு" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வைக்காக இன்னும் பத்துப் பொய் சொல்லியிருப்பேன்.

மாமா வண்டி பூட்டப் போயிருந்தபோது, படத்தை டாக்டர் ஜன்னலுக்கு நேரே பிடித்தார். கறுப்பு நெஞ்சில், வலது கழுத்தெலும்புக்குக் கீழே, ஆலிலை போல ஒரு வெள்ளை. அவர் கோபப்படவில்லை. "இதுல தாலிதான் தெரியுது. அதுக்குப் பின்னால என்ன இருக்குன்னு பாக்க முடியல. கழற்றிட்டு இன்னொரு படம் எடுக்கணும்" என்றார். மின்சாரம் தரும் எஞ்சினை மதியத்தோடு நிறுத்திவிட்டார்கள். எஞ்சின் ஓடாமல் எக்ஸ்ரே இல்லை. அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார்.

வண்டியில் அம்மா என்னை அணைத்துக்கொண்டு காதோடு சொன்னாள். "கண்டியா? தாலி நின்னு காத்துட்டு. வேற ஒண்ணும் இல்லேன்னு டாக்டரே சொல்லியாச்சே."

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் நான் தலையாட்டினேன். அந்த வெள்ளை எனக்கு அழகாகவே இருந்தது. நோயை விரட்ட அங்கே வெளிச்சம் வந்து நிற்பதாக நினைத்தேன். திங்கட்கிழமை மாமா வண்டி பூட்டியபோது அம்மா, "எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணா" என்று சொல்லி அடுக்களைக்குள் போய்விட்டாள். நானும் அவள் பின்னாலேயே போனேன்.

படத்தில் கறுப்புதான் கதிர் கடந்து போன இடம். வெள்ளை, அது நுழையாத இடம். இதைப் பின்னாளில் எக்ஸ்ரே பயிற்சியின் முதல் வாரத்திலேயே எனக்குச் சொல்லித்தந்தார்கள். காசநோய் பெரும்பாலும் முதலில் தென்படுவது கழுத்தெலும்பை ஒட்டிய அந்த மேல்பகுதியில்தான் என்பதைப் பிறகு படித்தேன். அன்று அம்மா மறைத்தது சரியாக அந்த இடத்தை.

ஒன்பது மாதம் கழித்து அப்பா ஊர் வந்தார். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இந்த முறை தாலியை அப்பாவே கழற்றி வாங்கிக்கொண்டார். படத்தில் இரண்டு பக்கமும் வெள்ளையாக இருந்தது. அடுத்த மழைக்காலத்தை அம்மா பார்க்கவில்லை.

நான் இப்போது எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கிறேன். அப்பா என்னோடு இருக்கிறார். முதல் தடவை போனபோதே ஏன் ஒன்றும் தெரியாமல் போயிற்று என்று இன்னமும் கேட்கிறார். அந்தக் காலத்து மிஷின் அப்படி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.