வாய்க்காலைத் தாண்டிய தப்பட்டை

அப்போதெல்லாம் ஊர்க் குழாயடியில் என் பச்சைக் குடம் கடைசியில்தான் நிற்கும். முதலில் கொண்டுபோய் வைத்தாலும் யாராவது நகர்த்திவிடுவார்கள். திட்டமாட்டார்கள். "நீங்க வாய்க்காலுக்கு அந்தப் பக்கமுங்க" என்று மரியாதையாகச் சொல்லித்தான் நகர்த்துவார்கள். என் முறை வரும்போது தண்ணீர் நின்றிருக்கும்.

சேவூர்ப் பக்கம் சின்ன ஊர் எங்களுடையது. மேற்கே மாரியம்மன் கோயில், அதை ஒட்டிக் குழாய். நடுவில் இரண்டு தெரு. கிழக்கே வாய்க்கால். அதற்கு அப்பால் முன்பு சோளக்காடு. பனியன் கம்பெனி வந்த பிறகு அங்கே வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விட்டார்கள். குடியிருந்தவர்கள் எல்லாம் தெற்கத்திக்காரர்கள். பாதிப் பேர் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள்; நானும்தான். கம்பெனியில் ஓவர்லாக் அடித்தேன். அந்தக் கோடையில் ரூம்களுக்கு இருந்த போர் வற்றிவிட்டது. ஊர்க் குழாயும் இல்லையென்றால் காலி செய்வதைத் தவிர வழியில்லை. இரண்டு குடும்பம் மூட்டை கட்டிவிட்டது.

ரூம்கள் எங்கள் வீட்டுக்கார அம்மாவுடையவை. வாய்க்காலுக்கு ஊர்ப் பக்கம், கடைசி வீடு அவருடையது. நாங்கள் கருவாடு வறுத்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நிற்பார். சண்டை போடமாட்டார். "என்ன கண்ணு, கடலையே கொண்டாந்துட்டியா?" என்பார். போய்விடுவார்.

அந்த வருஷம் மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, சாட்டுப் போட்டார்கள். நோம்பி தொடங்குகிறது என்று தப்பட்டை அடித்துத் தெருத்தெருவாகச் சொல்வதுதான் சாட்டு. அந்தச் சத்தம் போன வீடுகளில் நோம்பி முடியும்வரை கவுச்சி ஆக்கக் கூடாது. சோளக்காடு இருந்த காலத்துப் பழக்கம், தப்பட்டை வாய்க்கால் பாலத்தோடு திரும்பிவிடும். அன்றும் திரும்பியது. வீட்டுக்கார அம்மா பாலத்தில் குறுக்கே நின்றார்.

கூட வந்த கோயில் தர்மகர்த்தா, "எல்லை இதோட சரி அம்மிணி" என்றார்.

"சரிங்க மாமா. அப்ப அவங்க தெனமும் கருவாடு வறுப்பாங்க. காத்து கோயிலுக்குத்தான் அடிக்குது."

தர்மகர்த்தா பாலத்தோர வேப்பமரத்தைப் பார்த்தார். இலைகள் மேற்குப் பக்கம்தான் சாய்ந்தன. தப்பட்டைக்காரருக்குக் கையைக் காட்டினார். சத்தம் பாலத்தைத் தாண்டி எங்கள் வாசல்வரை வந்தது.

மறுநாள் குழாயடியில் ஒரு பெண் என் குடத்தில் கை வைத்தார். பின்னால் நின்ற வீட்டுக்கார அம்மா, "சாட்டுக் கேட்ட ஊடு, ஊருக்குள்ளதான். அங்கயே இருக்கட்டும்" என்றார். அந்தப் பெண் கையை எடுத்துவிட்டார். கட்டிய மூட்டைகளும் அவிழ்ந்தன. நோம்பி முடிகிறவரை எங்கள் வரிசையில் ரசமும் அப்பளமும்தான். நன்றி சொல்லப் போனேன். "உனக்காவ இல்ல கண்ணு. ரூமு காலியாக் கெடந்தா பாம்பு வந்துரும்" என்றார்.

அவர் இறந்து சில வருஷம் ஆகிறது. எங்கள் வரிசைக்கு அப்பாலும் இப்போது ரூம்கள் வந்துவிட்டன. ஒடிசாக்காரர்கள் இருக்கிறார்கள். இந்த வருஷச் சாட்டுக்கு வந்த தப்பட்டை எங்கள் கடைசி வாசலோடு திரும்ப இருந்தது. நான் எழுந்து போய் ரோட்டில் நின்றேன்.

"அந்த ஊடுகள்லயும் மீன் வறுப்பாங்க, சாமி" என்றேன்.

தப்பட்டைக்காரர் சிரித்துவிட்டு அந்தப் பக்கம் நடந்தார்.

மறுநாள் காலையில் குழாயடிக்குப் போனேன். என் பச்சைக் குடத்துக்கு இடம் பார்த்தேன். முன்னால், இதுவரை அங்கே பார்த்திராத சிவப்புக் குடம் ஒன்று நின்றது. யாரும் அதை நகர்த்தவில்லை. அதற்குப் பின்னால் என்னுடையதை வைத்தேன்.