மேற்குப் பக்கத்து மூங்கில்

அடுத்தவர் வீட்டுக்கு அமைதியான தோட்டம் போட்டுத் தருவது என் தொழில். இந்தத் தொழிலில் அமைதியாக இருக்கிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிற அம்மாக்களே, உங்களுக்கு இது புரியும். என் வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிறார். இரண்டரை வயது ரியாவை விட்டுவிட்டுப் போக இங்கே ஆளில்லை. நான் செடி வைக்கிற இடமெல்லாம் அவளுக்கும் ஒரு பாய் விரிப்பேன். இப்போது அவள் தூங்குகிறாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

புலி இல்லாத வீடு

தளி ரோட்டில், வீடுகள் முடிந்து மரங்கள் தொடங்குகிற இடத்தில் ரெட்டி சார் புது வீடு கட்டியிருந்தார். சொந்தமாகச் சின்ன தொழிற்சாலை வைத்திருப்பவர். யானைக்குப் பயந்து சுற்றிலும் சோலார் வேலி. உள்ளே ஜென் தோட்டம் வேண்டும், அதுவும் ஃபெங் ஷுயிப்படி வேண்டும், வாஸ்துவும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கான்வென்டில் ஜெபமாலை சொல்லி வளர்ந்த நான், வடக்கே குளம், நடுவே வெள்ளை மணல், மேற்கே அடர்த்தியாக மூங்கில் என்று வரைந்து கொடுத்தேன். வீட்டுக்குக் கிழக்கே பச்சை டிராகனும் மேற்கே வெள்ளைப் புலியும் காவல் என்பது ஃபெங் ஷுயியில் சீனர்களின் கணக்கு. சிலை வேண்டாம் சார், மேற்கே ஒரு வெள்ளைப் பாறை போட்டால் போதும் என்றேன். அவருக்கு மனசு ஆறவில்லை.

"பாறையப் பாத்து எவன் பயப்படுவான் மேடம்? புலின்னா புலி மாதிரி இருக்கணும்."

கலைந்த கோடுகள்

ஜப்பான்காரர்களின் ஜென் தோட்டத்தில் மணல்தான் தண்ணீர். பெரிய மரச் சீப்பு மாதிரி ஒன்றை வைத்து அலை அலையாகக் கோடு இழுக்க வேண்டும். வேலைக்கு வரும் மங்கம்மா சாயங்காலம் அழகாக இழுத்துவிட்டுப் போவாள். காலையில் வந்து பார்த்தால் மூங்கிலிலிருந்து குளம் வரைக்கும் கோடுகள் கலைந்திருக்கும். வாட்ச்மேன் வளர்க்கிற நாயின் வேலை என்று நினைத்தேன். அதைக் கட்டிப் போடச் சொல்லு என்று ஒரு நாள் மங்கம்மாவிடம் கத்தினேன். அவள் சீப்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நாய் போன வாரமே காணாமப் போச்சேக்கா. சங்கிலி மட்டும்தான் கெடக்குது."

ரியாவின் கை

அதற்கப்புறம்தான் குனிந்து பார்த்தேன். உருண்டையான தடங்கள். நாய்த் தடம் மாதிரி நகம் பதியவில்லை. நான் தடுப்பதற்குள் ரியா உட்கார்ந்து ஒரு தடத்துக்குள் உள்ளங்கையை வைத்துவிட்டாள். கையைச் சுற்றி இன்னும் இடம் மிச்சமிருந்தது. மூங்கிலில் நாள் முழுக்கக் கத்துகிற குருவிகள் அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தேன். ஓடக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. ரியாவின் முகம் மூங்கில் பக்கமாக இருந்தது. தோளுக்குப் பின்னால் அவள் கை உயர்ந்து ஆடுவது தெரிந்தது.

"மியாவ், டாட்டா!"

வந்துவிட்ட காவல்

போன் போட்டதும் ரெட்டி சார் வந்தார். தடங்களைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். வனத்துறைக்குச் சொல்லிவிடலாம் சார் என்றேன். கிரகப்பிரவேசம் நெருங்குகிறது, கூண்டும் டிவிக்காரர்களும் வாசலில் நின்றால் யார் வருவார்கள் என்றார். சொந்தக்காரப் பிள்ளைகள் இந்த மணலில்தானே விளையாடும் என்று கேட்டேன். சிரித்தார்.

"மேக்கால வெள்ளப் புலி காவல் இருக்கும்னு சொன்னது நீங்கதானே? அதுவாவே வந்திருக்கு. கோட்ட மறுபடி இழுத்து விடுங்க மேடம், போதும்."

பாய்க்குப் பின்னால்

நான் கோடு இழுக்கவில்லை. கேட்டுக்கு வெளியே வந்து வனத்துறைக்குப் போன் செய்தேன். வந்த வனக்காவலர், சிறுத்தைதான் என்றார். மூங்கிலை விலக்கிப் பார்த்தவர், நிழலில் விரித்திருந்த பாயைக் காட்டி யாருடையது என்று கேட்டார். என் பாப்பாவுடையது என்றேன். கிட்டே வரச் சொன்னார். பாய்க்கு நேர் பின்னால், மூங்கிலுக்குள், சருகெல்லாம் அமுங்கி ஒரு படுக்கை. ஒரே நாளில் அப்படி அமுங்காது. அங்கிருந்து பார்த்தால் ரியா உட்காருகிற இடம் தெளிவாகத் தெரிந்தது. நான் முதுகைக் காட்டிக்கொண்டு செடி வைக்கிற இடமும்.

கிரகப்பிரவேசம் தள்ளிப்போனது. ரெட்டி சார் என்னோடு பேசுவதில்லை. கூண்டு வைத்திருக்கிறார்கள், இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. கூண்டை இறக்கிய அன்றைக்கு அந்தக் காவலர் தோட்டத்தை ஒரு சுற்று பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"குடிக்கத் தண்ணி, படுக்க மறைவு, எல்லாம் வச்சிருக்கீங்க. யார் வந்து போறாங்கன்னு பாக்க நாங்களும் காட்டுல இப்படித்தான் மேடம் மணல் பரப்பி வைப்போம்."

சீனக் கணக்கையும் ஜப்பான் மணலையும் சேர்த்து அந்தத் தோட்டத்தில் எல்லாவற்றையும் அதனதன் சரியான இடத்தில்தான் வைத்திருந்தேன், என் பிள்ளையைத் தவிர.