நிற்கிற படகுக்கு அரைப்பேர்

என் மேசையிலுள்ள கணினித் திரையின் நடுவுக்குச் சற்றுக் கீழே ஒரு கீறல் இருக்கிறது. ஒரு நகத்தின் நீளம். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். எனக்கு இருட்டிலும் தெரியும். இப்போது அந்த இடத்தில் என் வாக்கியங்கள் வந்து தடுக்கி நிற்கின்றன. முன்பு அங்கே இந்து சமுத்திரம் இருந்தது. கீறியவர் கணக்கப்பிள்ளை ஐயா. கீறியது அவருடைய கைத்தடியின் இரும்புப் பூண். அப்படி என்ன கோபம் என்று கேட்டால், ஒரு படகு நின்றுவிட்டதாம். அதுதான் கோபம். இத்தனை வருடம் கழித்து இதை எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

பதுளை நகரில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடி. கீழே சீமெந்து மூட்டை இறக்கினால் மேலே எங்கள் மேசைகள் அதிரும். திரையில் கடல் நடுங்கும். எங்களுக்கு வேலை கொடுத்தது எங்கோ வெளிநாட்டிலிருந்த ஒரு கம்பனி. ஆழ்கடலுக்குப் போகிற மீன்பிடிப் படகுகளில் ஒரு சின்னக் கருவி பூட்டியிருப்பார்கள். படகு எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அது செய்மதிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்திகள் வரைபடத்தில் புள்ளிகளாக விழும். புள்ளிகளை இணைத்தால் படகு போன தடம். இந்தத் துண்டில் வலை போட்டிருக்கிறான், இந்தத் துண்டில் சும்மா பயணம் போகிறான் என்று பிரித்து அடையாளம் வைப்பதுதான் எங்கள் வேலை. ஆயிரமாயிரம் தடங்களை மனிதர்கள் இப்படிப் பிரித்துக் கொடுத்தால், பிறகு கணினி தானாகவே பழகிக்கொண்டு, மீன் பிடிக்கக் கூடாத இடத்தில் யார் பிடிக்கிறான் என்று காட்டிக்கொடுக்குமாம். அதற்கு அவர்களுக்குக் கிடைத்தவர்கள் நாங்கள். தேயிலைக் காட்டில் பிறந்து, மூடுபனியைத் தவிர வேறு அலையைப் பார்த்திராத பிள்ளைகள். பாதிப் பேருக்கு நீந்தத் தெரியாது. மீதிப் பேர் கருவாட்டைத்தான் மீன் என்று நம்பி வளர்ந்தவர்கள்.

நான் அவர்களில் மூத்தவள். கம்பனியிலிருந்து வரும் ஆங்கிலக் குறிப்புகளைத் தமிழில் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. எனக்கு மேலே ஒருவர் வேண்டும் என்று முதலாளிக்குத் தோன்றியது. முதலாளி கொழும்பில் இருந்தார். ஆட்களை மேய்க்கத் தெரிந்தவர் என்று தன் மாமனாரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். உட்கார வைத்தார் என்பது பேச்சுக்கு. அந்த மனிதர் உட்காரவே இல்லை. தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்தெடுக்கும் பெண்களை மேற்பார்வை பார்த்தவர். என் அம்மாவுக்கும் அவர்தான் கணக்கப்பிள்ளை. வந்த முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ அஞ்சாம் லயத்து வீட்டுப் புள்ளதானே? ஒங்க ஆத்தா கை ரொம்ப மெதுவு" என்றார். அம்மா செத்து வருடங்கள் ஆகியிருந்தன. அவளுடைய கையின் வேகம் மட்டும் அவரிடம் உயிரோடு இருந்தது.

மறுநாளிலிருந்து மாடிப்படியில் பெரட்டு. தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக்கொடுப்பார்களே, அதுதான். கணினி தட்டப் போகிற பிள்ளைகள் படிக்கொருவராக நிற்க, ஐயா மேல்படியில் தடியை ஊன்றிக்கொண்டு, "நீ வங்காள விரிகுடா, நீ மாலைதீவுப் பக்கம், நீ அந்தமான்" என்று தோட்டத்து மலைகளைப் பிரிப்பதுபோலக் கடலைப் பிரித்துக் கொடுத்தார். சீமெந்து வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. ஐயாவுக்கோ இருபது வயது குறைந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஐயாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. வாழ்க்கை முழுவதும் அந்த ஒரே சட்டத்தால்தான் அவர் உலகத்தை அளந்திருந்தார்: அசைந்தால் வேலை, நின்றால் வேலையில்லை. கொழுந்து நிரையில் நின்று முதுகை நிமிர்த்தியவளுக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலி. இதைக் கொண்டுபோய்க் கடலில் வைத்தார். கடலில் நடப்பது இதற்கு நேர் எதிர். தூண்டில் படகு துறைமுகத்திலிருந்து விடுவிடென்று நேர்கோட்டில் ஓடும். அது வெறும் பயணம். போய்ச் சேர்ந்ததும் மைல் கணக்கில் கொக்கி கட்டிய கயிற்றை விட்டுவிட்டு, கயிறு கனக்கும் வரை அலையில் மிதந்தபடி கிடக்கும். அந்தக் கிடைதான் மீன்பிடி. ஐயாவின் கண்ணுக்கோ ஓடுகிறவன் உழைப்பாளி, மிதக்கிறவன் சோம்பேறி. நாங்கள் சரியாகப் பிரித்து வைத்த தடங்களை, கடைசி ஒப்புதல் அவர் கையில் இருந்ததால், ஒன்றுவிடாமல் மாற்றினார்.

பூனாகலைப் பிள்ளை இல்லாவிட்டால் நான் இதை விதியென்று விட்டிருப்பேன். ஊர்ப் பெயராலேயே அவளைக் கூப்பிட்டோம். இரண்டு பஸ் மாறி வருவாள். வாய் மட்டும் அவளுக்கு முன்னாலேயே வந்துவிடும். அவளுடைய அம்மா வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போய் முழங்காலைத் தொலைத்துவிட்டுத் திரும்பியவள். இனி மலை ஏற முடியாது. வீட்டு உலை மகளை நம்பிக் கொதித்தது. ஏஜண்டு இவளுக்கும் பாஸ்போட் எடுத்து வைத்திருந்தான். "அக்கா, இந்த மேசை இருக்கிற வரைக்கும்தான் நான் இங்க. மேசை போச்சுன்னா பிளேன்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

அவள் ஒரு தடத்தைப் பார்க்க ஆரம்பித்தால் சிலையாகிவிடுவாள். கன்னத்தில் கை. சுட்டுவிரல் காற்றில் அந்தப் படகோடு கூடவே வளையும், நெளியும், நிற்கும். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தாள். ஐயா பின்னால் வந்து நின்றார்.

"ஏ புள்ள, என்ன தூக்கமா?"

"பாக்குறேங்க ஐயா."

"என்னத்த பாக்குற? அவன் நின்னுட்டான். நின்னவன எவ்வளவு நேரம் பாப்ப? இல்லைன்னு போட்டுட்டு அடுத்தத எடு."

"அவன் சும்மா நிக்கலீங்க. கயித்த விட்டுட்டு காத்துக்கிட்டு இருக்கான்."

"காத்துக்கிட்டு இருக்கிறதுக்கு எவன்டி பேரு போடுவான்?" என்று தடியை நீட்டி, நின்றிருந்த அந்தப் புள்ளியை ஐயா குத்தினார். கிறீச்சென்று ஒரு சத்தம். கடலில் கோடு விழுந்தது. "அவனுக்கும் அரப்பேரு. ஒனக்கும் அரப்பேரு" என்றார்.

அந்த மாதம் அவளுக்கு அரைப்பேர் பல விழுந்தன. ஏஜண்டு வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துவிட்டுப் போனான்.

இதில் இன்னொரு கொடுமை, மனிதர் ஒரேயடியாக முட்டாளுமில்லை. ஒருநாள் நடுக்கடலில் இரண்டு படகுகள் ஒட்டினாற்போல் கொஞ்ச நேரம் நின்று பிரிந்ததை எங்களில் யாரும் பொருட்படுத்தவில்லை. ஐயா மட்டும் மூக்கை உறிஞ்சினார். "ரெண்டு பொம்பளைக நிரையில ஒட்டி நின்னா என்ன நடக்கும்? கொழுந்து கூடை மாறும். நிறுக்கிற நேரத்துல இவ கூடையில உள்ளது அவ கூடையில இருக்கும்" என்றார். நான் சலித்துக்கொண்டே கம்பனிக்கு எழுதினேன். பிடித்த மீனை நடுக்கடலில் கைமாற்றியிருக்கிறார்கள், நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள் என்று பாராட்டிப் பதில் வந்தது. வந்திருக்கவே கூடாது. அதன்பிறகு ஐயாவிடம் யாரும் எதையும் சொல்ல முடியவில்லை. தெமோதரையில் ரயில் சுற்றி வந்து தன் நிலையத்துக்கே அடியில் நுழைவதுபோல எந்தப் பேச்சும் சுற்றிச் சுற்றி அந்த இரண்டு படகுகளிடமே வந்து சேர்ந்தது.

பிறகு இடி இறங்கியது. நாங்கள் அனுப்பிய ஒரு தொகுதி முழுவதையும் கம்பனி திருப்பி அனுப்பியது. மிதந்த படகுகளெல்லாம் தவறாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன; இன்னொரு தொகுதி தருகிறோம், அதுவும் இப்படியே வந்தால் ஒப்பந்தம் முடிந்தது என்று எழுதியிருந்தார்கள். நான் ஐயாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர்களுக்குத் தோட்டத்து வேலை தெரியாது என்றார். கடலைப் பற்றிப் பேசுகிறோம் ஐயா என்றேன். எல்லாம் ஒன்றுதான் என்றார்.

கண்ணால் பார்த்தாலாவது புரியும் என்று, தேநீர் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி, அவரைப் பதுளை ஓயா ஆற்றுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். பாலத்துக்குக் கீழே ஒரு இளைஞன் தூண்டிலைப் போட்டுவிட்டுக் கல்லாகக் குந்தியிருந்தான். "பாருங்க ஐயா, அசையவே இல்ல. இப்ப இவன் என்ன செய்யிறான்?" என்றேன். ஐயா பாலத்துச் சுவரில் சாய்ந்து குரல் கொடுத்தார். "ஏய் தம்பி! வேல வெட்டி இல்லியா?" அவன் அண்ணாந்து பார்த்தான். "இன்னைக்கு லீவுங்க" என்றான். ஐயா என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "கேட்டியா? லீவாம்."

கடைசியில் பேசியது பூனாகலைப் பிள்ளைதான். புதிய தொகுதி வந்திருந்தது. அவள் வழக்கம்போல் கன்னத்தில் கை வைத்திருந்தாள். ஐயா வாயைத் திறப்பதற்கு முன்பே நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கட்டுங்களா? எங்கம்மாமாரு நிரையில ஓடி ஓடி எடுத்தாங்க. நீங்க மேட்டுல கொடையப் புடிச்சுக்கிட்டு நின்னீங்க. பொழுதுக்கும் ஒரே எடத்துல. ஒங்களுக்கு யாருங்க அரப்பேரு போட்டா?"

ஐயா தடியைத் தரையில் ஒருமுறை தட்டினார். "நான் நின்னதுனாலதான்டி அவளுக ஓடுனாளுக" என்றார். குரலில் பாதிதான் வந்தது.

"அதேதாங்க ஐயா. கயிறு போட்டவன் நிக்கிறான். கொக்கியில மாட்டுனதுதான் துடிக்குது."

ஐயா உட்கார்ந்தார். அந்த மாடிக்கு வந்த பிறகு முதல்முறையாக உட்கார்ந்தார். யாருடைய நாற்காலி என்றுகூடப் பார்க்கவில்லை. எனக்கு அந்தக் கணத்தில் அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அம்மாவின் மெதுவான கை ஞாபகம் வந்தது. நிமிர்ந்து ஒரு மூச்சு விடுவதற்காக அவள் பறிகொடுத்த பாதிப் பாதி நாட்கள் ஞாபகம் வந்தன. இன்னும் இரண்டு வார்த்தை சொல்லடி என்றுதான் இருந்தது.

தொகுதி முழுவதும் முடிந்ததும் ஐயா அதை வாங்கிக்கொண்டு மூலைக் கணினிக்குப் போனார். தடியைச் சுவரில் சாய்த்தார். சத்தமே இல்லாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து ரோல்ஸ் வாங்கி வந்து தின்றோம். அவருக்கும் ஒன்று வைத்தோம். "மேசை தப்பிச்சிருச்சுக்கா" என்று பூனாகலைப் பிள்ளை எண்ணெய்க் கையைத் துடைத்தாள்.

கம்பனியின் பதில் வந்தது. துறைமுகத்தில் நங்கூரம் போட்டு, ஆளில்லாமல் கட்டிக்கிடந்த படகுகள் அத்தனையும் மீன் பிடிப்பதாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே ஒரு நன்றி. அதோடு ஒப்பந்தம் முடிந்தது.

நான் ஐயாவின் முன்னால் போய் நின்றேன். என்ன கேட்டேன் என்று நினைவில்லை. கத்தினேன் என்பது நினைவிருக்கிறது. அவர் உண்மையாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "நின்னாலும் வேலதான்னு நீங்க எல்லாருந்தானே சொன்னீங்க. நானும் ஒருத்தன் விடாம எல்லாத்துக்கும் முழுப்பேரு போட்டுட்டேனே" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மனிதர் கை தாராளமாகியிருக்கிறது. அதுவும் ஆளில்லாத படகுகளுக்கு. இதற்கு நான் அழவா, சிரிக்கவா, அவருடைய தடியை எடுத்து என் தலையிலேயே அடித்துக்கொள்ளவா?

மாடியைக் காலி செய்த அன்று, வேண்டியவர்கள் ஆளுக்கொரு திரையை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். நான் பூனாகலைப் பிள்ளையினுடையதை எடுத்துக்கொண்டேன். அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை. அவள் சொன்னபடியே பிளேன்தான்.

ஐயா இப்போது லுணுகலையில் இன்னொரு மகள் வீட்டில் சுகமாக இருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் கண்டால், "படகெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்கிறார். ஓடுது ஐயா என்கிறேன். சந்தோஷப்படுகிறார்.

பூனாகலைப் பிள்ளை வெள்ளிக்கிழமைகளில் குரல் பதிவு அனுப்புவாள். போன வாரம் வந்ததை நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த வீட்டில் அறைக்கு அறை கேமரா இருக்கிறதாம். மேடம் வேலைக்குப் போன இடத்திலிருந்தே போனில் பார்ப்பாராம். "அக்கா, துணி காயப்போட்டுட்டு சன்னலோரம் சும்மா ஒரு நிமிசம் நின்னேன். தூரத்துல, ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல, கடல் தெரியுதுக்கா. நெசக் கடல். ஒரு படகு நிக்குது. ஒடனே போன் அடிக்குது. ஏன் நிக்கிறன்னு மேடம் கேக்குறாங்க. எனக்கு ஐயா ஞாபகம் வந்து சிரிப்பு வந்துருச்சு. கயிறு போட்டிருக்கேன் மேடம்னு சொல்லலாம்னு பாத்தேன். அவங்க பாஷையில அதுக்கு எனக்குச் சொல்லத் தெரியல." பிறகு வாளியின் சத்தம். அவள் நகர்ந்துவிட்டாள்.

இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து நான் அசையவில்லை. பார்க்கிறவர்கள் சும்மா இருக்கிறாள் என்பார்கள். சொல்லட்டும். கடைசி வாக்கியம் கீறலில் வந்து நிற்கிறது. அதன்மேல் விரலை வைத்தால் நகத்தில் தட்டுகிறது.