மூன்று முறை திருப்பிய மனு

குறை தீர்க்கக் கோரி மனுக் கொடுப்பவர், மாநிலத்தில் புழங்கும் எந்த மொழியிலும் அதை எழுதிக் கொடுக்கலாம். அரசியல் சட்டத்தின் முந்நூற்று ஐம்பதாவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. சித்தூரில் ஒரு வருவாய் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபோது எனக்கு அது மனப்பாடம். மனப்பாடமாகத் தெரிந்துகொண்டே அதை மீறியவன் நான்.

ஐம்பதுகளின் பின்பாதி. ஆந்திரம் தனியாகப் பிரிந்தாகிவிட்டது. திருத்தணி எந்தப் பக்கம், சத்தியவேடு எந்தப் பக்கம் என்பதுதான் ரயிலிலும் டீக்கடையிலும் பேச்சு. புத்தூர்ப் பக்கத்துத் தமிழனான எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. தெலுங்குத் தேர்வில் தேறாவிட்டால் வேலை போய்விடும். ஒருமுறை தவறிவிட்டேன். மிச்சமிருந்தது ஒரே ஒரு வாய்ப்பு.

அந்த வருஷம் பார்த்து என் மனைவிக்குக் காசநோய் கண்டது. திருப்பதியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டரை வயது மகளைப் பக்கத்து வீட்டு அம்மாள் பார்த்துக்கொண்டார். கொஞ்ச நாளில் அவருடைய வீட்டுக்காரர் அரக்கோணத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். பிறகு மகளும் என்னோடு அலுவலகத்துக்கு வந்தாள். மேஜைக்கடியில் கோப்புக் கட்டுகள்தான் அவளுக்கு மெத்தை.

தலைமை எழுத்தர் தெலுங்குக்காரர். தினமும் குனிந்து பார்த்து, "ஏமய்யா, பாப்பாவுக்கு ஃபைல் நம்பர் போட்டாச்சா?" என்பார். ஆனால் வெளியே கொண்டுபோய் விடு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

விடியற்காலையில் கஞ்சி கொதிக்கும்போது தெலுங்குப் பாடம் படிப்பேன். குடும்பத்தில் கடும் நோய் இருந்தால் தேர்வுக்கு அவகாசம் தர விதியில் இடமுண்டு. முறைப்படி, மேலதிகாரி வழியாக, மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்திருந்தேன். பதில் இல்லை. தேர்வு நாள்தான் வந்தது.

தேர்வு திருப்பதியில் ஒரு பள்ளிக்கூடத்தில். ஏர்பேட்டில் இருந்த மைத்துனனை ஸ்டேஷனுக்கு வந்து குழந்தையை வாங்கிக்கொள்ளும்படி கார்டு எழுதியிருந்தேன். பாகாலா வழியாக ரயில் திருப்பதி போய்ச் சேர்ந்தது. மைத்துனனைக் காணோம். மறுநாள் அலுவலகம் போனபோதுதான் காரணம் தெரிந்தது. பழக்க தோஷத்தில் அந்தக் கார்டை அலுவலகத் தபால் தட்டில் போட்டிருக்கிறேன். அது 'சொந்தக் கடிதம், ஏற்பதற்கில்லை' என்ற குறிப்போடு என் மேஜைக்கே திரும்பி வந்திருந்தது. அப்படிக் குறிப்பெழுதத் தபால் அனுப்பும் பையனுக்குக் கற்றுக் கொடுத்தவனும் நான்தான்.

பள்ளி வாசலில் காவல்காரர் குழந்தையை உள்ளே விட மறுத்துவிட்டார். விதி அது, நானாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். மணி அடிக்கப் பத்து நிமிஷம். மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாசலோரம் கொய்யாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சாமி, என்னிய அடையாளம் தெரியல?" என்றாள்.

தெரியவில்லை.

"சித்தூர் ஆபீசுல குந்திக்கினு என் மனுவ மூணு வாட்டி திருப்பிக் குடுத்தது நீதானே?"

தெரிந்தது. செத்துப்போன கணவன் பேரில் இருந்த நிலத்துக்குத் தன் பேரில் பட்டா கேட்டு வந்தவள். முதல் தடவை ஸ்டாம்பு குறைகிறது என்றேன். இரண்டாம் தடவை சாட்சிக் கையெழுத்து இல்லை என்றேன். மூன்றாம் தடவை குறை எதுவும் இல்லை. மனு தமிழில் இருந்தது, அவ்வளவுதான். தமிழ் மனுவை மேலே அனுப்பினால் தமிழனுக்குத் தமிழன் சலுகை என்று பேச்சு வரும். வேலை ஊசலாடும் நேரத்தில் அந்தப் பேச்சு எனக்கு வேண்டாம். 'தெலுங்கில் எழுதித் தரவும்' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிவிட்டேன்.

"இங்க எதுக்கு வந்த?" என்று கேட்டாள்.

"தெலுங்குப் பரீட்சை எழுத."

அவள் சிரித்த சிரிப்பில் காவல்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். "அடப் பாவி! உனக்கே தெரியாத தெலுங்குலயா என்னிய எழுதிக்கினு வரச் சொன்ன?"

மணி அடித்தது. அவள் இரண்டு கையையும் நீட்டினாள்.

"உன் புள்ள தமிழ்லதான் அழுவுது. நான் திருப்பி அனுப்ப மாட்டேன். குடு."

கொடுத்தேன்.

உள்ளே முதல் அரைமணி நேரம் மகளின் அழுகை கேட்டது. பிறகு அது நின்றுபோனது. அதுதான் இன்னும் மோசம். யாரென்று தெரியாதவளிடம் விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் யாரென்று தெரிந்தவளிடம் அல்லவா விட்டுவிட்டு வந்திருக்கிறேன்! என்ன எழுதினேன் என்று இன்றுவரை நினைவில்லை.

வெளியே ஓடிவந்தால் வாசலில் கூடை இல்லை. காவல்காரர் எதிர்ப்பக்கம் கை காட்டினார். விற்பனை நடக்கும் வாசலை விட்டுவிட்டு, தெருவுக்கு அந்தப் பக்கம் புங்கமர நிழலில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு பழம் துன்னுச்சி, தூங்கிடுச்சி. ஆம்பளையா புள்ளயத் தூக்கிக்கினு வந்திருக்கியே, இதோட அம்மா எங்க?"

சொன்னேன். "ஆஸ்பத்திரியில புள்ளைங்கள உட மாட்டாங்களே. நீ போய்ப் பாத்துட்டு வா, நான் இங்கியே இருக்கேன்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் மனைவி முதலில் கேட்டது, "கொழந்தைய யார்கிட்ட உட்டுட்டு வந்தீங்க?"

"தெரிஞ்சவங்ககிட்ட."

"எப்படித் தெரியும்?"



திரும்பி வந்து அந்த மனுவைக் கேட்டேன். கூடைக்கு அடியிலிருந்த துணி மூட்டையிலிருந்து எடுத்தாள். பின்பக்கம் என் கையெழுத்திலேயே மூன்று குறிப்புகள். "மறுபடி திருப்பிடாத, சாமி" என்றாள். இந்தமுறை சிரிக்கவில்லை.

மறுநாள் அதே தமிழ் மனுவை, முந்நூற்று ஐம்பதாவது பிரிவைக் காட்டி, மேலே அனுப்பக் குறிப்பெழுதினேன். தலைமை எழுத்தர் மனுவைப் பின்பக்கம் திருப்பி என் பழைய குறிப்புகளையும் படித்தார்.

"ஈ ரூலு நீக்கு எப்ப தெரியும்?" இந்த விதி உனக்கு எப்போதிருந்து தெரியும் என்று கேட்டார்.

"ரொம்ப நாளாத் தெரியும் சார்."

கையெழுத்துப் போட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

தேர்வில் மயிரிழையில் தேறினேன். மனைவி குணமாகி வீடு வந்தாள். நான் கேட்ட அவகாசத்துக்குப் பதிலும் ஒருநாள் வந்தது: மனுதாரர் தேறிவிட்டபடியால் விண்ணப்பம் முடித்துவைக்கப்படுகிறது. அவளுடைய பட்டா மட்டும் மேஜை மேஜையாக நகர்ந்துகொண்டே இருந்தது. அலுவலக விஷயமாகத் திருப்பதி போகும்போதெல்லாம் அது எந்த மேஜையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருவேன். "இன்னும் நடந்துக்கினேதான் இருக்குதா?" என்று கேட்டுவிட்டு மகளுக்கு ஒரு பழம் கொடுத்தனுப்புவாள்.

நான் பெற்ற பதவி உயர்வுகளின் தேதிகளைப் பணிப் பதிவேட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அவளுக்குப் பட்டா ஆணை வந்து சேர்ந்த தேதியை மட்டும் எதையும் பார்க்காமல் சொல்வேன்: திருத்தணி தமிழ்ப் பக்கம் போன அதே நாள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது, ஏப்ரல் முதல் தேதி.