எர்த் என்ற கடைசி வரி

மின்சாரக் கார் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது, சார்ஜரிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் செம்புப் பட்டையை ஒரு நான்கு வயதுக் குழந்தை தொடலாமா? பலரிடம் கேட்டுவிட்டேன். ஒன்றும் ஆகாது என்றவர்களும் சரி, எதற்கு வம்பு என்றவர்களும் சரி, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

நாங்கள் இருப்பது விருதுநகரில். என் கணவர் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். தினமும் ஆமத்தூர் வழியாகப் போய் வருவதற்காகத்தான் மின்சாரக் கார் வாங்கினோம். வீட்டின் முன்புறச் சுவரில் சார்ஜர் பெட்டியை மாட்டிய எலெக்ட்ரீஷியன், அதற்கென்று தனியாக ஒரு எர்த் குழி தோண்டி, பெட்டியிலிருந்து குழிவரை செம்புப் பட்டை ஒன்றை இறக்கிவிட்டுப் போனார். மேலே உறை எதுவும் இல்லை. பளபளவென்று இருந்தது.

பெட்டியில் ஒரு சின்னத் திரை உண்டு. வோல்ட், ஆம்பியர், கிலோவாட், ஏறிய யூனிட், பெட்டியின் சூடு என்று வரிசையாக எண்கள் வரும். நான் கணிதம் படித்தவள், அதனால் என் கணவருக்கு நான் 'டீச்சரம்மா'. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்து, கிலோவாட் வருகிறதா என்று முதல் நாளே பார்த்துவிட்டேன். வந்தது. சாயங்காலம் தெரு முழுக்க மோட்டார் போடும்போது வோல்ட் இறங்கும், கூடவே கிலோவாட்டும் இறங்கும், சார்ஜ் ஏற நேரம் பிடிக்கும். இவ்வளவும் புரிந்தது. புரியாமல் இருந்தது கடைசி வரிதான்: எர்த், இரண்டு வோல்ட். மண்ணுக்குள் போகிற பட்டைக்கு எதற்கு வோல்ட்?

எலெக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தேன்.

"அது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் உள்ள வித்தியாசம்க்கா. கம்மியா இருந்தா நல்லது. கூடுச்சுன்னா குழியில தண்ணி ஊத்துங்க" என்றார்.

வெயில் காலம் வந்ததும் கூடியது. கார் சும்மா நிற்கும்போது ஒன்றோ இரண்டோ காட்டும். சார்ஜ் ஏற ஆரம்பித்ததும் ஏழுக்குப் போய்விடும். காலையில் குழியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் ஐந்துக்கு வரும், சாயங்காலம் மறுபடியும் ஏழு. குழி காய்ந்ததால்தான் என்றால், சார்ஜ் ஏறும்போது மட்டும் ஏன் இவ்வளவு கூட வேண்டும்? கோளாறு கம்பியில் இருக்குமோ? நான்தான் தேவையில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேனோ? துணி காயப்போடப் போனாலும் கண் திரைக்கே போனது.

அப்படி நின்றிருந்த ஒரு சாயங்காலம்தான் அதைக் கவனித்தேன். வேலை முடிந்து வந்த கணவர், பிளக்கை எடுக்குமுன் பட்டையில் ஒரு கணம் உள்ளங்கையை வைத்தார். பின்னாலேயே போன எங்கள் நான்கு வயது மகளும் எட்டி அதே இடத்தில் கை வைத்தாள்.

"என்னங்க, அதை எதுக்குத் தொடுறீக?"

"எதை?" என்றார். தொட்டதே அவருக்குத் தெரியவில்லை.

"பட்டையை. புள்ளையும் தொடுது."

"கையை வச்சுட்டுத்தாம்மா உள்ள போகணும்" என்றாள் மகள்.

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்க ஆளுகளுக்கு நித்தம் தொண்டை கிழியச் சொல்லணும். எம்மகளுக்குச் சொல்லாமலே வருது."

அவர் ஆலையில் வெடிமருந்து அறை ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் மருந்தின்மேல் பொறியாகப் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, உள்ளே போகிற யாரும் அதில் கை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அத்தனை வருடப் பழக்கம், செம்பைக் கண்டதும் அவர் கை தானாகப் போகிறது.

"அங்கன இருக்கிறது வெறும் தகடு. இங்கன கரண்டுப் பெட்டியில இருந்து வருது. கோளாறு வந்தா இதுலதான இறங்கும்?"

"இறங்குனா டிரிப்பர் கட் பண்ணிரும். டீச்சரம்மா பேப்பர் திருத்த ஆரம்பிச்சிட்டாக" என்றபடி பெட்டியில் இருந்த சோதனைப் பொத்தானை அழுத்திக் காட்டினார். 'டக்' என்று எல்லாம் அணைந்தது. என் நிம்மதி மறுநாள் மதியம்வரை நீடித்தது. அப்புறம் மறுபடியும் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன்.

"ஏழு வோல்ட்டு ஒண்ணும் செய்யாதுக்கா."

"கோளாறு ஆகி, டிரிப்பரும் வேலை செய்யலைன்னா?"

"அப்படி ஆகாது. ஆனா புள்ள தொடாம இருக்கிறது நல்லதுதான்" என்றார். அந்த வாரமே வந்து பட்டைமேல் பிளாஸ்டிக் குழாய் போட்டு மூடினார். பெட்டிக்குள் தளர்ந்திருந்த ஒரு கம்பி முனையை முறுக்கியும் விட்டார். எர்த் நான்குக்கு வந்தது. பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

குழாய் போட்ட பிறகும் என் கணவரின் கை பழக்கத்தில் சுவர்ப் பக்கம் போகும், பாதியில் நின்று திரும்பிவிடும். மகள் கேலி செய்வாள். கொஞ்ச நாளில் அந்தப் பாதியும் நின்றுபோனது.

போன வாரம் சாப்பிடும்போது சாதாரணமாகத்தான் சொன்னார். "இன்னைக்குத் தகட்டுல கை வைக்காம உள்ள காலெடுத்து வச்சிட்டேன். உள்ள இருந்த பெரியவர் போட்டார் ஒரு சத்தம், 'ஏலே, போர்மேனுக்கே நான் சொல்லணுமாலே'ன்னு. எல்லாரும் சிரிச்சிட்டாக."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "முன்னால இப்படி மறந்திருக்கீகளா?" என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, இல்லை என்றார். "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? சாப்பிடு" என்றும் சொன்னார்.

சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம். சீசன் நேரம், ஆர்டர் நெருக்கடி, தூக்கம் குறைவு. ஆனால் அவர் கையை நிறுத்தப் பழக்கியது நான்தானே என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. குழாயைக் கழற்றச் சொல்லலாமா என்று நினைத்தால், மகளின் சின்னக் கை கண்ணில் படுகிறது. மின்சாரத்தோடு சேராத ஒரு செம்புத் தகட்டை அவருக்காக வாசலில் பதிக்கலாமா என்றும் யோசித்தேன். அப்படிச் செய்தால், எந்த இடத்தில் செம்பைப் பார்த்தாலும் தொடலாம் என்று மகளுக்கு நானே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடாதா?

இதைப் படிப்பவர்களில் பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள் இருப்பீர்கள், வீட்டில் சார்ஜர் வைத்திருப்பவர்களும் இருப்பீர்கள். வேலையிடத்துப் பழக்கத்தை வீட்டில் எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்? தகட்டை வைக்கவா, வேண்டாமா? சிரித்துவிட்டாவது சொல்லுங்கள், பரவாயில்லை. காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.