காணிக்கைக் கோழி

ஏரல் பக்கத்தில் வாழைத்தோட்ட வேலைக்குப் போகும் ஜெபக்கனியும் அடுத்த வீட்டு எப்சிபாளும் பேசி இரண்டு வருஷமாயிற்று. வேலிமேல் சாய்ந்த ஜெபக்கனி வீட்டு முருங்கைக் கிளையை எப்சிபாள் வெட்டியதில் வந்த சண்டை.

மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனதால், ஸ்தோத்திரப் பண்டிகையில் ஜெபக்கனி தன் முட்டைக்கோழியை வேதக்கோயிலுக்குக் காணிக்கை கொடுத்தாள். காணிக்கைப் பொருட்களின் ஏலத்தில் அதைப் பிடித்தது எப்சிபாள்! ஜெபக்கனிக்கு வயிறு எரிந்தது. கர்த்தருக்குக் கொடுத்ததைத் திரும்பவா கேட்க முடியும்?

கோழிக்கு அதெல்லாம் தெரியுமா? மறுநாளே வேலி தாண்டி வந்து பழைய கூடையில் முட்டையிட்டது. வைத்துக்கொண்டால் களவு, கொடுக்கப் போனால் மானக்கேடு. ஜெபக்கனி முனகிக்கொண்டே வேலியோரம் போனாள்.

"ஏட்டி, இந்தா ஒன் முட்ட."

தினமும் இதே கதைதான். நாளடைவில் முட்டையோடு அரைமணி நேரப் புறணிப் பேச்சும் சேர்ந்துகொண்டது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. முருங்கைப் பேச்சை இருவருமே எடுப்பதில்லை. எடுத்தால் மறுபடியும் சண்டைதான்.

பங்குனியில் கோழி முட்டையிடுவதை நிறுத்தியது. ஜெபக்கனி கூடையை இரண்டு தரம் தடவிப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு வேலியோரம் போய் நின்றாள்.

எப்சிபாள் அவள் கையைப் பார்க்கவேயில்லை.

"ஏன்க்கா இம்புட்டு நேரம்? காப்பி ஆறிப்போச்சு பாரு."