இருட்டில் வரைந்த இழையங்கள்

ரொறன்ரோவில் பெரியவர்கள் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றில் உயிரியலை மறுபடி படித்தேன். யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான ஏ.எல். பரீட்சையே எழுதியவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று எரிச்சலாக இருக்கும். நாலு மணிக்கு டோனட் கடையில் வேலை. மேசைக்கடியில் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

அன்று ஆளுக்கொரு நுணுக்குக்காட்டியும் இரண்டு கண்ணாடித் தகடுகளும் தந்தார்கள். ஒன்றில் மெல்லியதாய்ச் சீவிய செடித்தண்டின் இழையம், மற்றதில் விலங்கின் தசையிழையம். பார்த்து வரையச் சொன்னார் ஆசிரியை. பத்தே நிமிடத்தில் இரண்டையும் வரைந்து, பாகங்களைக் குறித்து, பையைத் தோளில் மாட்டிவிட்டேன்.

ஆசிரியை படங்களைப் பார்த்து அசந்துபோனார். பிறகு குனிந்து என் நுணுக்குக்காட்டிக்குள் பார்த்தார். நிமிர்ந்து என் படங்களை மறுபடி பார்த்தார்.

பக்கத்திலிருந்த எங்கள் ஊர்ப்பெண் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, நீங்கள் இன்னும் இதின்ரை லைற்றே போடேல்லையே."

முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சண்டைக்காலத்தில் ஊரில் கரண்டும் இல்லை, நுணுக்குக்காட்டியும் இல்லை. கரும்பலகையைப் பார்த்து வரைந்தே கை பழகிவிட்டது. உள்ளே பார்க்க வேண்டுமென்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

லைற்றைப் போட்டுக் குனிந்தேன். தண்டின் கலங்கள் நான் வரைந்ததுபோல் ஒழுங்காக இல்லை. சில நசுங்கியிருந்தன, சில கிழிந்திருந்தன. தசையின் நார்கள் கோணல்மாணலாக ஓடின. கோபம் கோபமாக வந்தது. அழித்து அழித்து வரைந்தேன். என் பஸ் போய்விட்டது.

ஊரில் இதே படங்களுக்கு எனக்கு நூற்றுக்கு நூறு புள்ளி போட்டவர் என்னைவிட நாலு வயதே மூத்த, அதே ஊரில் படித்த டியூஷன் மாஸ்டர். அவரும் இதைக் கண்ணால் கண்டிருக்க வழியில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.